பொன்னாடை யாருக்கு? திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ இசைக்காரர்களைக் கௌரவிப்பது பற்றி

வாசகர் கேள்வி, நவம்பர் 3

எங்கள் சேகரத்தில் (பல தேவாலயங்கள் சேர்ந்த சபைப் பகுதி) கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையோடு சேர்த்து, நம் பக்கத்தில் கிறிஸ்தவ இசைக்குத் தொண்டு செய்தவர்களைக் கௌரவிக்கப் போகிறோம். விழாக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். என் கருத்து இது: உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் செய்வோம். மறைந்தவர்களுக்குப் பரலோகத்தில் கிரீடம் காத்திருக்கிறது, நம் பொன்னாடை அவர்களுக்கு எதற்கு? மறுப்பு உள்ளவர்கள் பெயர்களோடு சொல்லவும்.

நவம்பர் 3, இரவு

மறுப்பு உண்டு. பலமாகவே உண்டு.

இப்படிப்பட்ட குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "உயிரோடு இருப்பவர்கள்" என்று விதி போட்டால் பட்டியல் எப்படி உருவாகும் என்று சொல்கிறேன். முதல் பெயர், கோயிலுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தவர். இரண்டாவது, ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுத்தவர். மூன்றாவது, விட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தவர். இசைக்காரர் நான்காவதாக வருவார், அதுவும் அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, நேரமாகாமல் இருந்தால். மேடையில் போர்த்துகிறவர்களும் போர்த்தப்படுகிறவர்களும் மாறி மாறி நின்று, யார் யாருக்குப் போர்த்தினார்கள் என்பது பிறகு படத்தைப் பார்த்தாலும் தெரியாது.

இன்னொன்று. அன்றைய ஆராதனை முறைமையை எடுத்துப் பாருங்கள். பவனிப் பாடல் தொடங்கி மங்களம் வரை பாடப்போவது பெரும்பாலும் செத்தவர்களின் பாட்டு. அவர்கள் பாட்டு வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

நவம்பர் 4, காலை

பெயர் கேட்டீர்கள். கிறிஸ்தவக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரிலிருந்து தொடங்குகிறேன். அவரை விட்டுவிட்டு வேறு யாரிடமிருந்தும் தொடங்க முடியாது.

தஞ்சாவூர்க்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்பார்கள். வாழ்ந்ததும் 1864-இல் இறந்ததும் அங்கேதான். ஆனால் 1774-இல் பிறந்தது நம் சீமையில். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (நம் பக்கத்தில் ஐயர் என்றால் போதகர்) பிள்ளைப் பருவத்திலேயே அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே அதே ஐயரிடம் பாடம் கேட்ட இன்னொரு பிள்ளை, பின்னாளில் இரண்டாம் சரபோஜி மன்னர்.

கௌரவிப்பது என்று பேச்சு எடுத்ததால் இதைச் சொல்ல வேண்டும். சுவார்ட்ஸ் 1798-இல் இறந்தபோது, சரபோஜி தம் குருவுக்காக இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். மரணப் படுக்கையில் குரு, பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர். சிவகங்கைக் குளத்துப் பக்கத்துக் கோயிலில் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆசிரியருக்குப் பளிங்கு கிடைத்தது. கூடப் படித்த கவிராயருக்குக் கிடைத்தது 'சுவிசேஷ கவிராயர்' என்ற பட்டம். அந்தப் பட்டம் சோறு போடவில்லை. 1820-களில் வந்த புதிய மிஷனரிகளோடு அவர் மோதினார். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது, ஆராதனையில் எதைப் பாடலாம் என்பது, கலியாணச் சடங்குகள், சாதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1829-இல் வேலை போனது.

அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' 1800-இல் எழுதியது. குறத்தியைக் கொண்டுவந்து குறி சொல்ல வைத்து, அதிலேயே புவியியலையும் வானசாஸ்திரத்தையும் நுழைத்தவர். கும்மி, நொண்டி, அம்மானை என்று சனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த வடிவம் எதையும் அவர் விடவில்லை.

நவம்பர் 4, மதியம்

பிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேதநாயகங்கள் இரண்டு பேர்.

ஒருவர் மேலே சொன்ன சாஸ்திரியார். மற்றவர் மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889), கத்தோலிக்கர், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர். ஓர் ஊரில் சாஸ்திரியார் விழாவுக்கு முன்சீப்பின் படத்தைப் போட்டு, பெரிய மாலையும் போட்டு, விளக்கும் ஏற்றினார்கள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "அவரும் கிறிஸ்தவர்தானே, விடுங்கள்" என்றார். அவரும் தமிழில் கீர்த்தனை செய்தவர்தான், விட்டுவிட்டேன். ஆனால் முன்சீப்புக்குக் கிடைத்த மாலைக்கு முன்சீப்பின் பெயரையாவது போட்டிருக்கலாம்.

நவம்பர் 4, இரவு

மதியம் கிண்டலாக எழுதியதோடு விட மனம் வரவில்லை. முன்சீப் நம் சீமைக்காரர் அல்லர், திருச்சிப் பக்கத்துக் குளத்தூர்க்காரர். ஆனாலும் இந்த இழையில் அவருக்கு இடம் உண்டு. ஒரு மனிதரை உருப்படியாகக் கௌரவிப்பது எப்படி என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் அவர்தான்.

1876–78 பஞ்சத்தில் அவர் தம் சொத்தைச் செலவழித்து ஏழைகளுக்குச் சோறு போட்டார். அதைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார், 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய அதே பாரதியார், அவர் மேல் 'நீயே புருஷமேரு' என்று ஒரு கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 'குளத்துக் கோவை' என்று அவர் பேரில் ஒரு கோவைப் பிரபந்தமே செய்தார். சைவர்கள் இருவர், கத்தோலிக்க முன்சீப் ஒருவர். பொன்னாடை இல்லை, நினைவுக் கேடயம் இல்லை, ஆளுயரப் படம் இல்லை. அவரவர் தொழில் எதுவோ அதைக் கொண்டு மரியாதை செய்தார்கள்.

நம் குழுக்களில் இப்போது எத்தனை பேரால் ஒரு வெண்பா எழுத முடியும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆனால் ஒரு பாட்டை முழுதாகப் பாட முடியும் அல்லவா? எல்லாச் சரணங்களையும்?

நவம்பர் 5

"முழுதாகப் பாடினால் ஆராதனை இரண்டு மணிக்கு முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அறிவிப்புகளைப் பாதியாகக் குறையுங்கள், பன்னிரண்டுக்கே முடியும்.

நவம்பர் 6

உயிரோடு இருப்பவர்களை நான் வெறுக்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. இல்லை. என் பட்டியலில் முதலில் வரும் உயிருள்ள மனிதர் ஆர்மோனியம் சரிசெய்பவர்.

பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். நம் கிராமக் கோயில்களில் பாட்டு உயிரோடு இருந்ததற்குக் காரணம், கால் ஆர்மோனியம் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் துருத்தித் தோலை எலி கடிக்கும். மழைக்காலத்தில் கட்டைகள் ஊதி எழும்பாது. உள்ளே அதிர்ந்து சத்தம் கொடுக்கும் பித்தளை நாக்குகளில் பாசி பிடித்துச் சுருதி இறங்கும். எங்களுக்கு வந்துகொண்டிருந்த மனிதர் தரையில் ஒரு வேட்டியை விரித்து, நாக்குகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். சுருதி ஏற வேண்டும் என்றால் நாக்கின் நுனியில் சுரண்டுவார், இறங்க வேண்டும் என்றால் அடியில் சுரண்டுவார். மயிரிழை அளவு கூடிப்போனால் அந்த நாக்கு போயிற்று. கையில் எந்தக் கருவியும் இல்லை, காது மட்டும்தான். வேலை முடிந்ததும் ஒரு ஞானப்பாட்டின் முதலடியை வாசிப்பார், எங்கள் முகத்தைப் பார்ப்பார், பெட்டியை மூடுவார். கூலியில் பேரம் பேசுவார்கள். அந்த மனிதருக்கு யாரும் எதுவும் போர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

ஆர்மோனியத்தைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 7

வழக்கு இதுதான். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சடித்திருக்கிறது. நாம் பாடுவது அந்த ராகமா?

பல பாட்டுகளில் இல்லை. காரணம் எளிது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. சுரத்தை அசைக்க முடியாது, வளைக்க முடியாது. நூறு, நூற்றைம்பது வருஷம் சபை முழுவதும் அந்தப் பெட்டியின் பின்னால் பாடியதில், கமகம் என்கிற அந்த அசைவெல்லாம் தேய்ந்து நேர்கோடாகிவிட்டது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை பக்கவாத்தியமாகக்கூட உள்ளே விடாமல் வைத்திருந்தது. அவர்கள் சொன்ன குற்றச்சாட்டும் ஏறக்குறைய இதுவே. சர்க்கார் முப்பது வருஷம் வாசலில் நிறுத்திய வாத்தியம் நம் பலிபீடத்துக்குப் பக்கத்தில் மேசைவிரிப்போடு உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. அது இல்லாவிட்டால் ராகம் பிழைத்திருக்கும், ஆனால் பாடுகிற சபை இருந்திருக்காது.

நவம்பர் 8

கிருஷ்ண பிள்ளை, ஆபிரகாம் பண்டிதர் இருவரையும் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: வந்துகொண்டிருக்கிறேன்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) கரையிருப்புக்காரர். வைணவக் குடும்பம். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய காப்பியம் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு, பாராட்டுபவர்கள் அதிகம். ஆனால் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடாத சபை நம் பக்கத்தில் உண்டா? தேவாரப் பதிகத்தின் நடை அதில் அப்படியே கேட்கும். பொருள் முழுதும் விளங்காமலே கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பண்டிதர் கதை வேறு. 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தார். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்து கோரோசனை மாத்திரை விற்றுப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தை என்ன செய்தார்? 1912 முதல் தம் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். நாடெங்குமிருந்து வித்துவான்களை வரவழைத்து, ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டா இருபத்துநான்கா என்று சண்டை போடவிட்டார், தாமும் போட்டார். சொந்த அச்சுக்கூடத்தில் 'கருணாமிர்த சாகரம்' என்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட நூலை 1917-இல் அச்சிட்டார். 1919-இல் இறந்தார். தஞ்சாவூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் போகும் ஆட்டோக்காரரிடம் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சாலைக்குப் பெயர் வைப்பதும் கௌரவம்தான், ஆனால் அது கடிதம் போய்ச் சேருவதற்கு மட்டும் பயன்படுகிற கௌரவம்.

மாத்திரைக் காசில் சங்கீதம் வளர்த்தவரை, "கீபோர்டு வாங்கிக் கொடுத்தவர்" பட்டியலில் சேர்ப்பதா, இசைக்காரர் பட்டியலில் சேர்ப்பதா? முதல் நாள் நான் நன்கொடையாளர்களைக் கிண்டல் செய்திருந்தேன். பண்டிதரை நினைத்தால் அந்தக் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காசும் கொடுத்து, காதும் கொடுத்தால் மறுப்பில்லை.

நவம்பர் 9, காலை

ஓர் அன்பர் நேராகக் கேட்டிருக்கிறார்: "சாஸ்திரியாருக்கு வேலை போனதற்குக் காரணங்களில் சாதியைக் கடைசியில் ஒரு சொல்லாகப் போட்டுவிட்டு நழுவிவிட்டீர்களே?"

சரி, நேராகவே பேசுவோம். சாஸ்திரியார் வேளாளர். சபையில் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், நற்கருணையில் வேறுபாடு கூடாது என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது அவர் எதிர்த்தார். சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதவும் செய்தார். மிஷனரிகள் வழக்கங்களைக் காலால் மிதித்தார்கள் என்ற அவருடைய ஆத்திரத்தில் நியாயமான பகுதியும் உண்டு. பாட்டைப் பற்றியும் மொழிபெயர்ப்பைப் பற்றியும் அவர் சொன்னதில் பலவற்றை இன்று நாம் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தச் சண்டையில் கோயிலின் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் தரப்பில் அன்று யாரும் குறவஞ்சி எழுதவில்லை.

என் கருத்து: இதைச் சொல்லிவிட்டுப் பாடலாம். மேடையில் அவர் வரலாற்றை வாசிக்கிறவர் 1829-ஐ வாசிக்கும்போது தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது.

நவம்பர் 9, இரவு

காலையில் எழுதியதற்கு வந்த பதில்களில் ஒன்று என்னை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டது. தனிப்பட்ட செய்தி என்பதால் அப்படியே போட மாட்டேன். சாரம் இது: "எங்கள் தாத்தா பின்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைக் கற்றார். எங்களுக்கு அவை மனப்பாடம். 'சொல்லிவிட்டுப் பாடலாம்' என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?"

நான் முன்வரிசைக் குடும்பம். ஆகையால் அந்தத் தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குழுவில் பின்வரிசைப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். இல்லை என்றால் விழாவைத் தள்ளிவைத்துவிட்டுக் குழுவைச் சரிசெய்யுங்கள்.

நவம்பர் 10

இந்த இடத்தில் பரட்டை வந்தே தீர வேண்டும்.

தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியர். கர்நாடக ராகக் கீர்த்தனையும் மேல்நாட்டுப் பாமாலையும் யாருடைய காதுக்காகச் செய்யப்பட்டவை என்று கேட்டு, நாட்டுப்புற மெட்டில், சேரியில் பேசுகிற தமிழில், பறையோடு ஆராதனை முறையே எழுதியவர். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்று 'ஒரு உலை' என்ற கருத்தை வைத்தவர். அவரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நம் ஊர் விழாக்களில் அவர் படத்தை எத்தனை மேடைகளில் பார்த்திருக்கிறீர்கள்?

பறை ஒருகாலத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நின்றது. இன்று இளைஞர் ஆராதனையில் மேடைக்கு வருகிறது, கைதட்டும் வாங்குகிறது. அதை உள்ளே கொண்டுவரப் போராடியவரின் பெயர் வாசிப்பவருக்கே தெரியவில்லை.

நவம்பர் 11

பரட்டையை இழுத்ததும் எனக்கே ஒரு சிக்கல் வந்துவிட்டது. நான் இவ்வளவு நாளாக "பாட்டை மாற்றாதே, முழுதாகப் பாடு, பெயரைப் போடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரோ பாட்டு பாடுகிறவர்களுடையது, மாற்றிப் பாடுங்கள் என்றவர். இரண்டையும் ஒரே பையில் போட முடியுமா?

நேற்று நாசரேத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் உறவுக்காரப் பாட்டியிடம் போயிருந்தேன். லெந்து காலத்து, அதாவது தபசு காலத்து, கீர்த்தனை ஒன்றைப் பாடச் சொன்னேன். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே பாடினார். கையின் வேகம்தான் தாளம். புத்தகத்தில் இல்லாத ஒரு வளைவு அனுபல்லவியில் இருந்தது. நான்காம் சரணத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் வேறொரு சொல், பொருள் கெடவில்லை, சொல்லப்போனால் வாய்க்கு எளிதாக இருந்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். "பழைய உபதேசியார் சம்சாரம்" என்றார், கிராமச் சபையில் போதித்த ஊழியரின் மனைவி. அந்த அம்மாவின் பெயர்? "உபதேசியாரம்மாதான்."

இந்த மாற்றத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பாட்டியின் வளைவு பல வாய்கள் பாடிப் பாடி வந்தது. புரொஜெக்டரில் மூன்றாம் சரணம் காணாமல் போவது, தட்டச்சு செய்தவருக்குப் பொறுமை இல்லாததால் வருவது. இரண்டையும் மாற்றம் என்று ஒரே கணக்கில் எழுதக் கூடாது. பரட்டை இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். நிச்சயம் என்னைக் கேலி செய்திருப்பார்.

நவம்பர் 12

புரொஜெக்டரைப் பற்றிப் பேச்சு வந்தபடியால்.

பழைய கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால், மேலே எண், அதன் கீழ் ராகம், தாளம், பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். கடைசியில் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர்: ஞா. சாமுவேல், மரியான் உபதேசியார், யோவான் பால்மர். சிறுவனாக இருந்தபோது பிரசங்கம் நீளும் நேரங்களில் நான் வாசித்த இலக்கியம் இந்தப் பெயர்கள்தான். பால்மர் என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்திருந்தேன், அவர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்.

திரையில் என்ன தெரிகிறது? அருவி. ரோஜாப்பூ. இரண்டு வரி. ராகம் இல்லை, எண் இல்லை, பெயர் இல்லை. இணையத்தில் இன்னும் மோசம். எழுதியவர் யார் என்று புத்தகத்தில் அச்சில் இருக்கும் பாட்டுக்கு, "பாரம்பரியப் பாடல்" என்று போட்டு, கீழே கிதார் வாசித்தவர், படம் பிடித்தவர், ஒப்பனை செய்தவர் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும்.

எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மதுரை மிஷன் ஐயர் 1853-இல் இந்தப் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டபோது, முதுமையில் இருந்த சாஸ்திரியாரிடமிருந்தே பலவற்றைப் பெற்றார். கடல் கடந்து வந்தவர் நேரில் போய்க் கேட்டு வாங்கியதை, நாம் ஒரு பொத்தானைத் தட்டி அழித்துக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 12, சற்று நேரம் கழித்து

பெண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி.

சாஸ்திரியாரின் மகள் ஞானதீப அம்மாள், தகப்பன் பாட்டுகளைப் பாடியதோடு நிற்காமல் தாமும் கவி செய்தவர். பண்டிதர் 1916-இல் பரோடா மாநாட்டில் தம் சுருதிக் கணக்கை மெய்ப்பிக்கத் தம் மகள்களை வீணையோடு அழைத்துச் சென்றார். வாதம் அப்பாவுடையது என்று எழுதிவைத்திருக்கிறோம், நிரூபணம் மகள்களின் விரலில் இருந்தது. நம் காலத்துக்கு வந்தால் சாராள் நவரோஜி அம்மா, தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி, சபையும் நடத்தி, 2014-இல் மறைந்தவர். பெந்தெகொஸ்தே சபைகளில் பிறந்த அவர் பாட்டுகள் எங்கள் பழைய கோயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, பெரியவர்கள் முகம் சுளித்து, பிறகு அவர்களே முணுமுணுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேசட் காலத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எமில் ஜெபசிங் அவர்களின் மிஷனரிப் பாட்டுகள், பெர்க்மான்ஸ் அடிகளின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசை, இவை இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விடியற்காலமும் விடிந்ததில்லை. கேசட் அட்டையில் பெயர் தெளிவாக இருந்தது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நவம்பர் 14

கேள்வி கேட்ட அன்பர் தொலைபேசியில் பேசினார். குழு கூடியதாம். மறைந்தவர்களையும் சேர்க்க ஒத்துக்கொண்டார்களாம், ஆனால் "நேரம் கருதி" அவர்கள் பெயர்களை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்களாம். பொன்னாடைகள் ஏற்கெனவே மொத்த விலையில் வாங்கியாகிவிட்டதாம்.

நான் கேட்டது மூன்று. அன்று பாடும் ஒவ்வொரு பாட்டையும் அறிவிக்கும்போது எண்ணோடு எழுதியவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கீர்த்தனையையாவது எல்லாச் சரணங்களோடும் பாட வேண்டும். ஆர்மோனியம் சரிசெய்பவரை, அல்லது அவர் தொழிலைச் செய்யும் வேறு யாரையாவது, மேடைக்கு அழைக்க வேண்டும். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்கு "ஐயரிடம் கேட்கிறேன்" என்றார். மூன்றாவதற்குச் சிரித்தார். பிறகு, "அவர் விலாசம் இருக்கிறதா?" என்று கேட்டார். பக்கத்து ஊரில் மகனோடு இருக்கிறார், கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 15

பாட்டியைப் பற்றி எழுதியதைப் பார்த்துப் பலர் தங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பதிவு செய்யப் போவதாக எழுதியிருக்கிறார்கள். நல்லது, பண்டிகைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். சில குறிப்புகள்.

கைபேசியை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், தலையணை மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எந்த ஊர், என்ன தேதி, யார் பாடுகிறார் என்பதைத் தொடக்கத்தில் நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள், கோப்பின் பெயரை நம்பாதீர்கள். பாட்டு முடிந்ததும் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். "உபதேசியாரம்மா" என்று சொன்னால் விடாதீர்கள், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஐயரிடம் அனுமதி வாங்கித் தேடுங்கள். நடுவில் நீங்கள் சேர்ந்து பாடாதீர்கள். வார்த்தை மறந்துபோனால் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுத்தால் அவர்களுக்கே வரும், வரும்போது புத்தகத்தில் இல்லாதது வரலாம்.

கோயிலில் கீபோர்டு வாசிக்கும் தம்பியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கீபோர்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.